என் கண்ணுக்கு ஏற்ற ஸ்கோப்

நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கிள்ளான் வட்டாரத்தில் என் வயதில் என்னைப்போல் குறி தவறாமல் சுடுகிற ஆள் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் என் லோரி பட்டறைக்கு வரலாம். அலுவலக அறைச் சுவர் முழுக்க இலக்கு அட்டைகளை மாட்டியிருக்கிறேன். கருவட்டத்தின் நட்டநடுவில் ஓட்டை விழுந்த அட்டைகள் மட்டும். மற்றதை எதற்கு மாட்ட வேண்டும்?

ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போயிற்று. அதன்பிறகு லோரி. முதலில் அடுத்தவன் லோரி, பிறகு கடன் லோரி, இப்போது சொந்த லோரிகள். என்னிடம் சரக்கு ஏற்றும் ஒரு சீன முதலாளி ஒருநாள் என்னைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரீ கெம்பாங்கானைத் தாண்டி ஒரு ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. அங்கே மேசைமேல் மணல் மூட்டையை வைத்து, அதில் துப்பாக்கியைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்து சுட வேண்டும். சின்ன ரவை, சின்னச் சத்தம். எதிரே ஐம்பது மீட்டரில் அட்டை. துப்பாக்கி எப்போதும் கிளப்பின் இரும்பு அறையில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. முதல் நாளே மூன்று ரவை கருவட்டத்துக்குள் போனது. அங்கே பொறுப்பில் இருக்கும் மலாய்க்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சார்ஜன், என் தோளைத் தட்டி, "அங்கிள், முன்னாடி எங்கே சுட்டீங்க?" என்று மலாயில் கேட்டார். "எங்கேயும் இல்லை, பிறவியிலேயே இப்படி" என்றேன். அன்றிலிருந்து அந்தக் கிளப்பின் மூத்தோர் அணியில் எனக்கு ஒரு இடம். வருஷத்துக்கு ஒருமுறை மற்றக் கிளப்புகளோடு போட்டி. அணியில் நாலு பேர். நாலு பேருக்கும் நீல ஜாக்கெட் கொடுப்பார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடப் போவேன். வெயில் என்றால் என்ன, ஜாக்கெட்தானே முக்கியம்.

நான் செய்த ஒரே தப்பு, என் சம்பந்தியை அங்கே கூட்டிக்கொண்டு போனது.

என் மகனுக்கு அவர் மகளைக் கட்டியிருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அவர் அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். அவரும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதுகூட முழுக்கைச் சட்டை. ஆங்கிலத்தில் தும்முவார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த தீபாவளி, பொங்கல் எல்லாவற்றிலும் அவர் பேச, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது நான் செய்வதை அவர் பார்த்துத் தலையாட்டட்டும் என்றுதான் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனிதர் கைக்குட்டையை நாற்காலியில் விரித்து உட்கார்ந்தார். துப்பாக்கியை அலுவலகக் கோப்பு ஒன்றை எடுக்கிற மாதிரி எடுத்தார். நாலு ரவை கருவட்டத்துக்குள் போனது.

"இது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை போல கிடக்கு, சம்பந்தி" என்றார்.

மறுவாரமே உறுப்பினராகிவிட்டார். வரும்போதே கடையிலிருந்து ஸ்கோப் மாட்டிய புதுத் துப்பாக்கியோடு வந்தார். நான் அதுவரை வெறும் இரும்புக் குறியில் சுடுகிறவன். கண்ணருகே ஒரு சின்னத் துளை, குழாய் நுனியில் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் இலக்கு. துளை, வளையம், இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் விசையை அழுத்த வேண்டியதுதான். தொலைநோக்கி வைத்துக்கொண்டு சுடுகிறவர்களை நான் மனிதராக மதித்ததில்லை. "பரீட்சையில புத்தகத்தத் தொறந்து வச்சிக்கிற மாதிரி" என்று சம்பந்திக்குக் கேட்கும்படியே சொல்லியிருக்கிறேன். பரீட்சையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. படித்தவர்.

போன வருஷம் நடுவில் அந்த முன் வளையம் எனக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் வளையம் வளைந்துவிட்டது என்று நினைத்தேன். சார்ஜனிடம் கொடுத்து மாற்றச் சொன்னேன். புது வளையமும் இரண்டாகத் தெரிந்தது. பிறகு இலக்குக் கரைய ஆரம்பித்தது. வெள்ளை அட்டையில் கருவட்டம் இருக்கும் இடத்தில் மழையில் நனைந்த நிலக்கரி மாதிரி ஏதோ ஒன்று. சுவரில் மாட்ட அட்டை இல்லாமல் போனது.

அந்த நேரம் பார்த்து அணியில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர். மற்ற மூன்று இடமும் முடிவாகிவிட்டது. நாலாவது இடம் எனக்கா, சம்பந்திக்கா? சார்ஜன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். ஆயுத பூசைக்கு மறுநாள். ஆளுக்குப் பத்து ரவை. கூடப் புள்ளி எடுக்கிறவருக்கு இடம்; ஜாக்கெட்டும் அவருக்குத்தான். மூத்தோர் என்பதால் எந்தக் குறி வைத்துச் சுட்டாலும் கிளப்புக்குச் சம்மதம்.

சம்பந்திக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அவர் நீல ஜாக்கெட்டில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பதா? துப்பாக்கிக்கு வேறு குறி வாங்கப்போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"கண்ணு தெரியலன்னா டாக்டர்ட்ட போங்க. அதுக்கு ஏன் துப்பாக்கிக் கடைக்குப் போறீங்க?" என்றாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த இரும்புதான் பழசாப் போச்சு."

"ஆமா, நேத்து மோருன்னு நெனச்சி அரிசி கழுவுன தண்ணியக் குடிச்சீங்களே, அதுவும் இரும்பு பழசானதாலதானா?"

பெண்களிடம் விளையாட்டு விஷயம் பேசக் கூடாது.

கிள்ளானில் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. கடைக்காரர் சீனர்; தமிழ், மலாய் இரண்டையும் கலந்து பேசுவார். ஆளைப் பார்த்ததுமே எவ்வளவு விலையில் ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் போடுகிற கண். அவர் முதலில் எடுத்து வைத்தது சிவப்புப் புள்ளி சைட். சின்னக் கண்ணாடி. அதற்குள் பேட்டரி வெளிச்சத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியை இலக்கின்மேல் வைத்தால் போதும். பின் துளையும் வேண்டாம், முன் வளையமும் வேண்டாம்.

"அண்ணே, வயசானவங்களுக்கு இதுதான் பெஸ்ட் லா. ஒரே புள்ளி. கண்ணுக்கு வேலை இல்ல."

யாருக்கு வயசாகிவிட்டது என்று கேட்டுக்கொண்டே பார்த்தேன். புள்ளியைக் காணோம். தீபாவளி மத்தாப்பை யாரோ மிதித்த மாதிரி சிவப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. ஒரு பக்கம் வால் வேறு.

"என்னா பாஸ், ஓட்ட சாமான எங்கிட்டத் தள்ளப் பாக்குறீங்களா? புள்ளின்னு சொல்லிட்டு நண்டக் காட்டுறீங்க!"

அவர் கோபப்படவில்லை. வேறொன்றை எடுத்தார். அதிலும் நண்டு. மூன்றாவது, கடையிலேயே விலை கூடிய சரக்கு. அதில் கொஞ்சம் பெரிய நண்டு. நான் குரலை உயர்த்தினேன். லோரிக்காரன் குரல்; கடைக்கு வெளியே போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைக்காரர் தன் கைத்தொலைபேசியை எடுத்து, அந்த சைட்டுக்குப் பின்னால் வைத்து, ஒரு படம் பிடித்து, படத்தை விரலால் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

புள்ளி. உருண்டையான, அழகான, தனிப் புள்ளி.

"பாராங் ரோசாக் இல்ல, அண்ணே" என்றார். "மாத்தா ரோசாக்."

சாமான் கெடவில்லை, கண்தான் கெட்டிருக்கிறது என்று இவ்வளவு மரியாதையாக எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கண் கோணலாக இருப்பவர்களுக்கு இந்தப் புள்ளி இப்படித்தான் சிதறுமாம். அவர் மாமனாருக்கும் அப்படித்தானாம். போய்க் கண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு ஸ்கோப் தருகிறேன் என்றார். வியாபாரி வாங்கவந்தவனைத் திருப்பி அனுப்புகிறான் என்றால் விஷயம் கொஞ்சம் பெரிதுதான் என்று எனக்கே பட்டது.

கிள்ளானில் கண் டாக்டரிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் ரயிலேறிக் கோலாலம்பூர் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் கிளினிக், மாடியில். தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் மேலிருந்து இறங்கி வருகிறார் சம்பந்தி. முழுக்கைச் சட்டை, கையில் குடை.

இரண்டு பேரும் நின்றோம்.

"சம்பந்தி, இங்கால எங்க வந்தனீங்கள்?"

"பக்கத்துல ஒரு பார்ட்டிகிட்ட லோரி வாடகை விஷயமா... நீங்க?"

"மேல என்ட கூட்டாளி ஒருத்தர் இருக்கிறார். சும்மா கதைக்க வந்தனான்."

"கண்ணெல்லாம் எப்டி இருக்கு?"

"எனக்கென்ன குறை? கண்ணாடி வாசிக்க மட்டும்தான். தூரத்தில காகம் இருந்தால் அதின்ட கண் நிறம் சொல்லுவன்."

"எனக்கும் அப்டித்தான்" என்றேன். அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். முதியவர், படியில் கவனமாக இறங்குகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

டாக்டர் பேத்தி வயதுப் பெண். வலது கண்ணில் கோணல் இருக்கிறது, தூரப்பார்வை குறைந்திருக்கிறது, புரையும் விழ ஆரம்பித்திருக்கிறது என்றாள். "ஆபரேஷன் பண்ணிடலாம் அங்கிள், பயமே இல்ல." எனக்கு எதற்குப் பயம்? பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, படியிறங்கி, நேராகக் கிள்ளானுக்கு ரயில் பிடித்தேன்.

கடைக்காரர் இந்த முறை ஸ்கோப்புகளை வரிசையாக வைத்தார். இருப்பதிலேயே அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டுவதைக் கொடு என்றேன். பெரிய லோரி இருக்கும்போது சின்ன லோரி வாங்குவானேன்? மேசையில் தாங்கிவைத்து, தெருக்கோடியில் இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து தெரிந்தது. அதுவும் துள்ளிக்கொண்டிருந்தது. "பலகை ஆடுதே?" என்றேன்.

"பலகை ஆடல, அண்ணே. உங்க நெஞ்சு துடிக்கிறது கையில வருது. பெருசாக் காட்டுனா அதையும் பெருசாக் காட்டும் லா."

என் நெஞ்சுத் துடிப்பை நானே கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பார்க்கப் பார்க்க அது கூடியது. கீழே வைத்துவிட்டேன். கடைசியில் நடுத்தரமாகப் பெரிதாக்குகிற ஒன்று. முன்கண்ணாடி அகலமானது, வெளிச்சம் நிறைய உள்ளே வரும். புரை விழுந்த கண்ணுக்கு அதுதான் வேண்டும் என்றார். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வளையம் இருந்தது. அதைத் திருப்பினால் அவரவர் பார்வைக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் குறுக்குக் கோடு தெளியும். நல்ல கண்ணுக்கு நடுவிலேயே நின்றுவிடுமாம். நான் திருப்பினேன், திருப்பினேன். கிட்டத்தட்ட முட்டுகிற இடத்துக்கு வந்தபோது கோடு தலைமுடி மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. பலகையில் இருந்த எழுத்தெல்லாம் தெரிந்தது. அதில் பாதி எனக்கு வாசிக்க வராத ஆங்கிலம், ஆனால் தெரிந்தது.

சார்ஜன் அதைத் துப்பாக்கியில் மாட்டிச் சரிபார்த்துக் கொடுத்தார். இரண்டு வாரம் பழகினேன். மறுபடியும் சுவரில் மாட்ட அட்டை வந்தது. ஸ்கோப்பைப் பற்றி முன்பு நான் ஏதோ சொன்னதாக ஒருவர் ஞாபகப்படுத்தினார். அது வேறு ஸ்கோப் என்றேன்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பட்டறையில் அது பெரிய நாள். லோரி எல்லாவற்றையும் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போவேன். இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. என் லோரி ஒன்றுகூட இதுவரை சாக்கடையில் இறங்கியதில்லை என்றால் அதற்கு என் கைதான் காரணம். வருமானம் தருகிற லோரிக்குப் பொட்டு, கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டருக்குப் பொட்டு, சமையலறையில் சோறு வடிக்கிற பெட்டிக்குக்கூடப் பொட்டு. அப்படியிருக்க, நாளைக்கு என் மானத்தைக் காப்பாற்றப்போகிற கருவிக்கு இல்லாமலா? துப்பாக்கி வீட்டுக்கு வராது. அதனால் முந்தின நாளே சார்ஜனிடம் சொல்லி ஸ்கோப்பை மட்டும் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். கழற்றி மாட்டினால் குறி கொஞ்சம் விலகும் என்றார் அவர். போட்டியன்று முன்சோதனை ரவையில் சரிசெய்துகொள்கிறேன் என்றேன்.

ஸ்கோப்பைச் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். லோரிக்கு எங்கே வைப்போம்? முன்கண்ணாடியில். இதற்கும் முன்கண்ணாடி இருக்கிறது. மூடியைத் திறந்து, விபூதியில் மூன்று பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாக அழுத்தி வைத்தேன், விழுந்துவிடக் கூடாது. கற்பூரம் காட்டி, மூடியைப் பத்திரமாகப் போட்டுப் பையில் வைத்தேன். மனசு நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னைக் கிளப்பில் இறக்கிவிட்டுப் போனான். சம்பந்தி தன் காரில் வந்திருந்தார். போட்டி முடிந்ததும் என் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. என்னை அவரே காரில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அவர் முதலில் சுட்டார். பத்து ரவை. சார்ஜன் அட்டையைக் கொண்டுவந்து கூட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. சம்பந்தி கைக்குட்டையை மடித்தபடி எழுந்து, "இருங்கோ சம்பந்தி, கதிரையைச் சூடாக்கி வச்சிருக்கிறன்" என்றார்.

உட்கார்ந்தேன். சார்ஜன் ஸ்கோப்பை மாட்டி முடித்தார். மூடியை நிமிர்த்திவிட்டுக் கண்ணை வைத்தேன்.

ஒன்றும் இல்லை. மஞ்சளாக ஒரு மூட்டம். அதற்குள் குறுக்குக் கோடு மட்டும் தெளிவாக நின்றது. கோட்டுக்குப் பின்னால் உலகத்தைக் காணோம். காடு எரிகிற காலத்தில் புகை வந்து கிள்ளான் துறைமுகத்தை மூடுமே, அந்த மாதிரி. கண்ணை எடுத்து வானத்தைப் பார்த்தேன். நல்ல வெயில். மறுபடி வைத்தேன். மூட்டம்.

கேலி செய்தால் செய்யுங்கள். புரை முற்றிவிட்டது, ஒரே ராத்திரியில் வலது கண் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண் டாக்டர் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. இனிமேல் என்னை யாராவது கைபிடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், மோர் எது, அரிசி கழுவிய தண்ணீர் எது என்று பக்கத்தில் இருந்து சொல்லுவார்கள். ஆனால் பின்னால் சம்பந்தி நிற்கிறார். எழுந்துபோக முடியுமா? மூட்டத்தின் நடுவைக் கணக்காக வைத்து முன்சோதனை ரவை ஒன்றைச் சுட்டேன்.

சார்ஜன் தொலைநோக்கியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அங்கிள், அட்டையில ஒண்ணும் இல்ல" என்றார்.

இரண்டாவது. அது பக்கத்து ஆளின் அட்டையில் விழுந்தது. அவர் எனக்கு நன்றி சொன்னார்.

"காத்து அடிக்கிது" என்றேன். கொடி அசையாமல் தொங்கியது.

அப்போது சம்பந்தி சுடுகிற மேசைக்கு வந்து, சார்ஜனிடம் கேட்டுத் துப்பாக்கியைப் பாதுகாப்பாகத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து ஸ்கோப்பின் முன்பக்கத்தைப் பார்த்தார். முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார்.

"சம்பந்தி," என்றார், "இவருக்குத் திருநீறு பூசி, சந்தனப் பொட்டும் வச்சிருக்கிறியள். ஒரு வேட்டியும் கட்டியிருந்தால் கோயிலில கொண்டுபோய் இருத்தியிருக்கலாம்."

கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்தது வேறு, நான் சிரித்தது வேறு. கண் போகவில்லை! சந்தனம்தான்! அந்தச் சந்தோஷத்தில் சட்டை நுனியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். காய்ந்த சந்தனம், விபூதி, குங்குமம் மூன்றும் ஒன்றாகக் கலந்து கண்ணாடி முழுக்கப் பரவியது. முன்பு மூட்டம் மஞ்சள், இப்போது ஆரஞ்சு. சார்ஜன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த குழுவுக்கு நேரமாகிறது. இன்றைக்கே முடிக்க வேண்டும், இல்லையென்றால் இடம் சம்பந்திக்கு.

"என்ட துவக்கை எடுங்கோ" என்றார் சம்பந்தி.

நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறியள்? நீங்கள் இப்பிடித் தோத்தால், பொட்டாலதான் தோத்தனெண்டு பேரப்பிள்ளையின்ட கலியாணம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பியள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. சுத்தமாத் தோத்துப்போட்டு வாங்கோ."

சார்ஜன், "போலே, போலே" என்று சம்மதம் சொன்னார்.

அவர் துப்பாக்கியில் கண்ணை வைத்தேன். வளையத்தை என் கண்ணுக்குத் திருப்ப வேண்டுமே என்று கையைக் கொண்டுபோனேன். திருப்பத் தேவையே இல்லை. குறுக்குக் கோடு தலைமுடி மாதிரி. கருவட்டம் அச்சடித்த மாதிரி. கண்ணை எடுத்து அந்த வளையத்தைப் பார்த்தேன். கிட்டத்தட்ட முட்டுகிற இடத்தில் நின்றது. என்னுடையது எங்கே நின்றதோ அதே இடம்.

திரும்பிப் பார்த்தேன். காகத்தின் கண் நிறம் சொல்லக்கூடிய மனிதர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வாசிக்க மட்டும்தானா, சம்பந்தி?" என்றேன்.

"நேரம் போகுது, சுடுங்கோ."

சுட்டேன். அவரும் நானும் ஒரே கண்ணோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது. நெஞ்சுத் துடிப்புக்கூட அடங்கிவிட்டது. பத்து ரவை. சார்ஜன் இரண்டு முறை கூட்டினார். தொண்ணூற்றிரண்டு. நாலாவது இடம் எனக்கு.

சம்பந்தி கையைக் கொடுத்தார். பிறகு காதருகே குனிந்து, "அந்த வளைய விஷயம் வீட்டில கதைக்காதேங்கோ. பிள்ளைக்குத் தெரிஞ்சால் கார்ச் சாவியைப் பறிச்சுப்போடுவாள்" என்றார். அவர் பிள்ளை என்றது என் மருமகளை. பறிக்கக்கூடியவள்தான்.

காரில் ஏறினோம். நான் ஜெயித்த மயக்கத்தில் ஒவ்வொரு ரவையாக விளக்கிக்கொண்டு வந்தேன். அவரும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஏழாவது ரவைக்கு வரும்போது வெளியே பார்த்தேன். கிள்ளான் வந்திருக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பக்கமும் செம்பனை மரம்.

"சம்பந்தி, இது எந்த ரோடு?"

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வாறன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, சரியான வழியெண்டு நினைச்சன்."

"பலகையப் பாத்துத் திரும்பலயா?"

"நீங்கள் பாத்துச் சொல்லுவியளெண்டு நினைச்சன்."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். தூரத்தில் பச்சையாக ஒரு பெரிய அறிவிப்புப் பலகை இருந்தது. பச்சை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான். மனைவியைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க? சாப்பாடு ஆறுது."

"ரோட்டுல."

"எந்த ரோட்டுல? எதாச்சும் பலகை இருக்கா?"

"இருக்கு."

"என்னா போட்டிருக்கு?"

வேறு வழி இல்லை. கழுவலாம் என்று துப்பாக்கியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த ஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்தேன். சம்பந்தி தன் கண்ணாடித் துணியையும் கிளப்பிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினார். முன்கண்ணாடியை இந்தமுறை பொறுமையாகக் கழுவித் துடைத்தேன். ஜன்னல் வழியாக ஸ்கோப்பை வெளியே நீட்டி, நான் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, சம்பந்தி சேர்த்துச் சேர்த்து வாசித்தார். அவருடைய ஆங்கிலப் படிப்பும் என்னுடைய குறிபார்க்கும் திறமையும் ஒன்றாகப் பயன்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ரோட்டைப் பெரிதாக்க அளக்க வந்திருக்கிறீர்களா, என் வீடு போய்விடுமா என்று மலாயில் கவலையாகக் கேட்டார். சம்பந்தி தன் பழைய உத்தியோகக் குரலில், "இன்னும் முடிவாகவில்லை" என்று பதில் சொன்னார். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

ஜெஞ்சாரோம். கிள்ளானை விட்டுத் தெற்கே வெகுதூரம் வந்திருந்தோம்.

என் மனைவி தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இறங்கிவந்து என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என் மடியில் கிடந்த ஸ்கோப்பைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க."

ஏறினோம். சம்பந்தியின் காரை மகன் பிறகு எடுத்துக்கொள்வான் என்றாள். கிளம்பியதும் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். சம்பந்தி தன் கார்ச் சாவியை அதில் வைத்தார். கை போகவில்லை. என்னுடையதையும் வைத்தேன்.

"திங்கக்கெழம ரெண்டு பேரும் கண் டாக்டர்ட்ட போறோம்."

"இந்தாப் பாரும்மா," என்றேன், "இன்னும் ரெண்டு வாரத்துல மேட்ச். ஆபரேஷன் பண்ணிட்டா டாக்டர் சுட விடமாட்டாங்க. எடத்த அவருக்குத்தான் விட்டுக்குடுக்கணும்."

பதில் சொன்னது சம்பந்தி.

"அவர் மேட்ச் முடிஞ்ச பிறகு ஆபரேஷன் செய்யட்டும், தங்கச்சி. நான் முதல்ல செய்யிறன். அவர் வெண்ட இடம், அவர்தான் போகோணும்." கொஞ்ச நேரம் கழித்து, "என்ட துவக்கோடதான் போகோணும். அவற்ற ஸ்கோப் அர்ச்சனைக்குத்தான் சரி" என்றார்.

அப்படித்தான் நடந்தது. அவர் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேட்சுக்கு வந்தார். நான் என் சொந்த லோரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய் இறங்கினேன். சாவி கையில் இல்லாதவன் வேறு எப்படிப் போவது? நான் சுட, அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் அங்கே தூரத்தில் பறக்கும் கொடியில் என்ன தையல் போட்டிருக்கிறது என்பதுவரை விவரித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணிக்கு இரண்டாவது இடம். அணியிலேயே அதிகப் புள்ளி என்னுடையது. இதைக் கிளப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

நீல ஜாக்கெட்டைத் தீபாவளிக்குப் போட்டுக்கொண்டேன். வந்தவர்களிடமெல்லாம் சம்பந்தி, அது தன் துவக்கு, தன் ஸ்கோப், தான் வைத்த வளையத்தை இந்த மனிதர் தொடக்கூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். விசையை அழுத்தியது யார் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.